வாப்பாவைப் பற்றிய பந்தி

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கல்முனையில் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த நேரம்தான் ஆசிரியையாக இருந்த உம்மா ஓய்வு பெற்றார். பிரியாவிடைக் கூட்டத்தில் வாசிக்க அவர் எழுதி வைத்திருந்ததை வகுப்புக் கணினியில் தட்டி, ஒரே தாளில் அடக்கி, பெருமையோடு கொண்டுவந்து கொடுத்தேன்.

உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தார்.

“வரியெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடக்கு மகள். வாசிக்கக்குள்ள கண் அடுத்த வரிக்குப் பாயுது.”

மறுநாள் வரி இடைவெளியை இரண்டு மடங்காக்கினேன். ஒரு தாள் இரண்டு தாளானது. உம்மாவுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ஒரு பந்தியில் விரலை வைத்தார். கலியாணத்துக்குப் பிறகும் தன்னைப் படிக்க அனுப்பியவர் வாப்பாதான் என்று எழுதியிருந்த பந்தி அது. வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கம் செய்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“இதுக்குக் கீழ மட்டும் இன்னும் கொஞ்சம் இடம் உடு.”

“எவ்வளவு உம்மா?”

“நான் ஒரு மூச்செடுக்கிற அளவு.”

அந்தப் பந்திக்குக் கீழே மட்டும் தனியாக இடைவெளியைக் கூட்டினேன்.

கூட்டத்தில் அந்த இடம் வந்ததும் உம்மா நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்து முன்வரிசைப் பிள்ளைகள் கைதட்டத் தொடங்கினார்கள். அவர்கள் ஓயும்வரை உம்மா சிரித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னும் இருக்கு புள்ளையள்” என்றார்.

பிறகு குரல் தளராமல் மிச்சத்தையும் வாசித்து முடித்தார்.