அம்மா காட்டிய பக்கம்

இங்கே எல்லிங்ஸ்ருட்டில் பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ் பெண் கருவாடு பொரிக்கும் மணம் வந்தால், நோர்வேக்கு வரும் வழியில், ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் என்னையும் அம்மாவையும் இரண்டு வருடம் தங்கவைத்த, அவளது நாட்டின் கிழக்குக் கரை ஊர் கண்ணுக்குள் விரிகிறது. முன்னால் கடல், பின்னால் மலை, இடையில் ஒரே தெரு. கடற்கொள்ளையரைக் கண்காணிக்க முருகைக்கல்லில் கட்டிய பழைய கோபுரத்தின் காலடியில், கடல் வற்றும்போது, அலை எப்போதோ விழுங்கிவிட்ட முதல் தேவாலயத்தின் அத்திவாரம் பச்சைப் பாசியோடு மெல்ல எழும்பி வரும். அதன்மேல் இருந்துகொண்டு, நோர்வேயின் ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அப்பா எந்தப் பக்கம் என்று தினமும் கேட்பேன். அம்மா கடலைக் காட்டுவார். அந்தத் தெருவையும் பின்னர் ஒரு புயலில் கடல் எடுத்துக்கொண்டதாம்.

போன கிழமை உலக வரைபடத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன்: "நோர்வே அந்த ஊர் மலைக்குப் பின்பக்கமெல்லோ இருந்தது?"

"ஓம், தெரியும். மலையைக் காட்டினா நீ அழுவாய். கடலைக் காட்டினா, பாத்துக்கொண்டே நித்திரையாயிடுவாய்."