மழைக்குத் தெரியாமல் ஒகேனக்கல்

பெங்களூர் மழைக்கும் எனக்கும் தனிப்பட்ட பகை உண்டு. வாரம் முழுக்க நான் பொம்மசந்திராவில் தகரக் கூரைக்கு அடியில் மெஷினோடு மல்லுக்கட்டும்போது வெயில் மண்டையைப் பிளக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டைக்குள் கையை விட்டால் போதும், வானம் இருட்டிக்கொள்ளும். கைபேசியைப் பார்த்தால் அதில் மட்டும் சூரியன் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். அந்தச் சூரியனை நம்பித் துணி காயப்போட்டவர்கள் எங்கள் ஜீவனஹள்ளியில் நிறையப் பேர்.

இதற்கெல்லாம் என் மனைவிதான் காரணம் என்பது என் கட்சி. சின்ன வயதில் அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வாளாம். 'அரிசி தின்னாதடி, கல்யாணத்துல மழை கொட்டும்' என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். கொட்டியது. பந்தல் ஒழுகி சாம்பார் அண்டாவுக்குள் ஊற்றியதில், அன்றைக்குச் சாம்பார் மட்டும் கடைசிப் பந்திவரை குறைவில்லாமல் இருந்தது. கல்யாணத்தோடு கணக்குத் தீர்ந்திருக்க வேண்டும். எத்தனை மூட்டை தின்றாளோ, இன்னும் பெய்துகொண்டிருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள், நாலாம் வகுப்பு. அவளுடைய சிநேகிதி ஒருத்தி ஒகேனக்கலில் பரிசலில் போய் வந்து, பரிசல்காரர் நடு ஆற்றில் அதைப் பம்பரமாகச் சுற்றிய வீடியோவைக் காட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தட்டு, முறம், இட்லிக் குண்டான் மூடி எல்லாம் பரிசலாகிவிட்டன. 'எப்பப்பா போறோம்?' என்று சோற்றுக்கு நடுவில் கேட்பாள், பல் தேய்க்கும்போது கேட்பாள், நான் குளியலறையில் இருக்கும்போது கதவைத் தட்டிக் கேட்பாள். நானும் பெரிய மனுஷனாக, அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டேன்.

முதல் முறை கிளம்பினோம். ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு சுரங்கப் பாலத்தில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. அடுகோடியில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் என் மச்சானிடம் இரவல் வாங்கிய பழைய வேன் அது. அதை நீச்சலடிக்க விடுவதற்கு எனக்குத் தைரியமில்லை, திரும்பிவிட்டோம். இரண்டாம் முறை ஊரில் சொட்டு மழை இல்லை. ஓசூர் தாண்டி டீக்கடையில் நின்றபோதுதான், ஆற்றில் வெள்ளம், பரிசல் ஓட்டத் தடை என்று கடைக்காரர் சொன்னார். கர்நாடகாவில் எங்கெங்கோ பெய்ததெல்லாம் கடைசியில் காவிரிக்குத்தானே போகிறது. நாங்கள் ஒகேனக்கல் போகவில்லை, எங்கள் ஊர்ச் சாக்கடை எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

மூன்றாம் முறை வாசலைக்கூடத் தாண்டவில்லை. புளியோதரை கட்டியாகிவிட்டது, மகள் புது ஷூ போட்டு உட்கார்ந்திருந்தாள். கீழ்வீட்டு அக்கா, எங்கள் வாடகை வீட்டுக்குச் சொந்தக்காரர், படியேறி வந்து, 'என்ன தம்பி, குடும்பத்தோட கெளம்பிட்டாப்ல இருக்கு? எந்தூரு? ஜாலிதான் போங்க' என்றார். அவர் வாயை மூடவும் இடி இடிக்கவும் சரியாக இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. மகள் ஜன்னலைப் பார்த்தாள். ஷூவைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

'பரவால்லப்பா,' என்றாள்.

அழுது புரண்டிருந்தால் ஒரு ஐஸ்கிரீமோடு போயிருக்கும். இந்தப் 'பரவால்லப்பா'வுக்கு எந்தக் கடையிலும் ஐஸ்கிரீம் இல்லை. என் அப்பாவிடம் நான் அப்படிச் சொல்ல ஆரம்பித்தபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. அதற்குப் பிறகு அவள் ஒகேனக்கலைப் பற்றிப் பேசவே இல்லை. இட்லிக் குண்டான் மூடி மறுபடி மூடியாகிவிட்டது. எப்போது போகிறோம் என்று கேட்கவில்லை. நானே பேச்சை எடுத்தாலும், பெரியவர்கள் கடன்காரனைப் பார்க்கும் பார்வை ஒன்று பார்த்துவிட்டு வீட்டுப்பாடத்துக்குத் திரும்பிவிடுவாள்.

என் மனைவி வேறு கட்சி. 'நான் தின்ன அரிசி ஒண்ணும் இல்ல. எல்லாம் கண்ணு. நாம எங்க போறோம்னு கீழ தெரிஞ்சா மேல தெரிஞ்சிடுது. இந்த வாட்டி யாருக்கும் சொல்லாம போலாங்க,' என்றாள்.

சொல்லாமல் போவதென்பது எங்கள் சந்தில் நடக்கிற காரியமா? குப்பை கொட்டப் போனாலே நாலு பேர் எங்கே என்று கேட்பார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரே ஓர் இடத்துக்குப் போகிறவர்களைத்தான் யாரும் நிறுத்தி வைத்துப் பேச மாட்டார்கள், ஜாலிதான் என்று கண்ணும் வைக்க மாட்டார்கள்.

'சாவுக்குப் போறோம்னு சொல்லிடலாம்,' என்றேன்.

மனைவி பிள்ளையார் படத்தைப் பார்த்து ஒரு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொரு கன்னத்தில் போடுவதற்குள் சிரித்துவிட்டாள். 'யாரைச் சாகடிக்கிறது?'

இருக்கிறவர் யாரையும் சொல்லிப் பலித்துத் தொலைத்தால் வம்பு. அதனால் தங்கவயலில் எனக்கு ஒரு பெரியப்பாவை உண்டாக்கினேன். சனிக்கிழமை ராத்திரியே அவர் உயிரை வாங்கிவிட்டேன். ஞாயிறு விடியற்காலை புளிக்காய்ச்சல் வாசனை கீழே போகக் கூடாதென்று சமையலறை ஜன்னலில் போர்வையைக் கட்டினாள் மனைவி. வெளுத்த சேலை, வெளுத்த சட்டை. ஷூ கூடாது, செருப்புதான் என்றதும் மகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நாங்கள் எங்கேயும் போகப் போவதில்லை என்று அவள் முடிவு செய்து ஒரு மாதமாகியிருந்தது.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டார். 'அய்யய்யோ. யாரு தம்பி?'

'பெரியப்பாக்கா. தங்கவயல்ல.'

'எத்தினி வயசு?'

'எண்பது,' என்றேன் நான். 'அறுபத்தஞ்சு,' என்றாள் என் மனைவி, அதே மூச்சில்.

அக்கா இரண்டு பேரையும் பார்த்தார். 'சரி, துக்கத்துல வயசு எங்க ஞாபகம் இருக்கும். பத்திரமா போங்க.' போயிட்டு வரேன் என்று நாக்கு நுனிவரை வந்ததைக் கடித்துக்கொண்டேன். சாவுக்குப் போகிறவர்கள் அதைச் சொல்லக் கூடாது. வானத்தைப் பார்த்தேன். மேகம் இருந்தது, ஆனால் மரியாதையாக ஒதுங்கி நின்றது.

ஓசூர் தாண்டி லேசாகத் தூறியது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, 'பாவம், நல்ல மனுஷன்,' என்று சத்தமாகச் சொன்னேன். மனைவி மூக்கை உறிஞ்சினாள். தூறல் நின்றது. பின் ஸீட்டிலிருந்து எங்கள் இருவரையும் மகள் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மலைப்பாதையில் இறங்கி ஆற்றின் சத்தம் கேட்கும்வரை அவள் நம்பவில்லை. கரையில் கவிழ்த்து வைத்திருந்த பரிசல்களைப் பார்த்ததும்தான் வாயைத் திறந்தாள்.

'ஓடுதாப்பா?'

ஓடியது. லைஃப் ஜாக்கெட் அவளுடைய காது வரைக்கும் வந்தது. நடு ஆற்றில் பரிசல்காரர் துடுப்பைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார் பாருங்கள், பாறை, வானம், என் மனைவியின் திறந்த வாய் எல்லாம் வரிசையாக வந்து போயின. மனைவி முருகா முருகா என்று கத்தினாள். நான் கத்தவில்லை என்று இன்றுவரை சாதித்து வருகிறேன். மகள் மட்டும், 'இன்னொரு வாட்டிண்ணா, இன்னொரு வாட்டி,' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் சிரிப்பில் முன்பல் விழுந்த ஓட்டை தெரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அருவிச் சாரல் என்று துடைத்துக்கொண்டேன். பிறகு கரையில் வறுத்த மீனும் புளியோதரையும் சாப்பிட்டோம். பெரியப்பா புண்ணியத்தில் ஒரு சொட்டு மழை இல்லை.

இத்தனை யோசித்த மூளை ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்துக்கு வீட்டு வாசலில் வேனை நிறுத்தினால், அக்கா கேட்டில் குறுக்கே நிற்கிறார். பக்கத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீர், வரிசையாக வாளிகள்.

'உள்ள வராதீங்க தம்பி. வீட்ல வெளக்கேத்தி வெச்சிருக்கேன். சாவு வீட்டுக்குப் போய்ட்டு அப்பிடியே நொழைவாங்களா? இங்கயே தலைக்கு ஊத்திக்கினு வாங்க. அடுப்பு பத்த வெக்காதீங்க, ரசஞ்சோறு ஆக்கி வெச்சிருக்கேன்.'

இனிமேல் பெரியப்பாவை உயிரோடு எழுப்பவா முடியும்? மூன்று பேரும் சந்தில் வரிசையாக நின்றோம். எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் துக்கம் விசாரிக்க வாசலுக்கு வந்துவிட்டன. மழைக்கு ஒளிந்து ஒளிந்து ஒரு நாள் முழுக்க நனையாமல் வந்தவர்கள் தலையில் அக்கா வஞ்சனையில்லாமல் வாளி வாளியாக ஊற்றினார். பெங்களூர்க் குளிரில் என் பல் தந்தியடித்தது.

வெயிலில் கன்றிப்போன மகளின் முகத்தை அக்கா நிமிர்த்திப் பார்த்தார். 'பாவம் கொழந்த. அழுது அழுது மூக்கெல்லாம் செவந்துபோச்சு. தாத்தா மேல அவ்ளோ பிரியமா கண்ணு?'

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. என் மனைவி சட்டென்று அவளை முந்தானைக்குள் இழுத்து மறைத்தாள். அந்த முந்தானையும் குலுங்கியது. எதிர் வீட்டு அம்மா உச்சுக்கொட்டினார்.

ஈரம் சொட்டச் சொட்ட மாடிப்படி ஏறினோம். பாதிப் படியில் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். காதருகே வாயை வைத்துக்கொண்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்டாள்:

'அடுத்த வாட்டி யாருப்பா சாகறாங்க?'