பச்சை அட்டை

எந்தப் பொருளை வாங்கினாலும் அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, அதன் நிறத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்ப்பாள். சோப்போ தீப்பெட்டியோ, தேய்த்த பிறகுதான் சுருக்குப் பையில் கை போகும். பள்ளிக்கூடம் போன காலத்தில் கடைக்காரர் முன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். கல்லூரி முடித்த பிறகும் அந்தக் கூச்சம் முழுதாகப் போகவில்லை.

அம்மா பெயர் சென்னம்மாள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மயில் படம் போட்ட சிவப்புப் பொட்டலம் டீத்தூள், மஞ்சள் பட்டை ஓடுகிற நீலக் கட்டி துணி சோப்பு என்று நிறத்தையும் படத்தையும் வைத்தே குடும்பத்துக்கு வேண்டியதை வாங்கிவந்தாள். தேய்த்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் பிற்பாடு வந்தது.

நான் மூன்றாவது படித்த வருடம் எங்கள் தக்காளியில் புழு விழுந்தது. அப்பா கடத்தூரிலிருந்து பூச்சி மருந்து வாங்கி வந்தார். எப்போதும் வாங்குகிற மருந்துதான். அம்மா டப்பாவைக் கையில் எடுத்ததும், “மூடி செவப்பால்ல இருக்கும்? இது காவியாட்டம் இருக்குது” என்றாள். அப்பா அர்ச்சுனன் ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் பெயரைப் படித்துக் காட்டி, “அதே பேருதான். நீ போயி அடுப்பப் பாரு” என்றார். அடித்த மருந்து தண்ணீர் மாதிரி வழிந்து ஓடியது. புழு ஒன்றுகூடச் சாகவில்லை. செடி காய்ந்தது. கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு போய் விற்றார்கள். எழுத்து பொய் சொல்லும், நிறம் பொய் சொல்லாது என்று அம்மா அன்றைக்குக் கற்றுக்கொண்டாள்.

அந்தப் பாடம் பல முறை எங்களைக் காப்பாற்றியது. சந்தையில் போலி சோப்பை இரண்டு முறை பிடித்துக் கொடுத்தாள். தெருப் பெண்கள் கடைக்குப் போகும்போது அவளையும் கூட்டிப்போனார்கள். “சென்னம்மா பாத்தாச்சா?” என்பது எங்கள் தெருவில் ஒரு முத்திரை.

மூன்று வருடத்துக்கு முன் களத்தில் தலைசுற்றி உட்கார்ந்தவளுக்கு ரத்த அழுத்தம் என்றார் மருத்துவர். தினம் ஒரு மாத்திரை. கடத்தூரில் திருமால் அண்ணனின் மருந்துக் கடையில் காலி மாத்திரை அட்டையைக் காட்டி, அதே பச்சை அட்டையை மாதம் தவறாமல் வாங்கினாள். போன தை மாதம் அவர் கொடுத்த அட்டை ஊதா நிறத்தில் இருந்தது.

“பச்ச அட்டையக் குடு தம்பி.”

“கம்பெனிக்காரனே அட்டைய மாத்திட்டானுங்கக்கா. உள்ள இருக்கறது அதே மாத்திரதான்.”

“அன்னைக்கு மூடி மாறுனப்பவும் இதையேதான் சொன்னாங்க.”

“எந்த மூடிக்கா? இங்க பாருங்க, பேரப் படிச்சுக் காட்டறேன்.”

“பேரு கெடக்குது, போ. பேர எவன் வேணா அச்சடிப்பான்.”

அன்று சந்தை நாள். கடை வாசலில் நின்ற யாரோ, “மாத்திரைக்கும் சென்னம்மா பாஸ் போடணுமாட்டம் இருக்குது” என்று சிரித்திருக்கிறார்கள். அம்மாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. எங்கள் தெருப் பெண்கள் பக்கம் திரும்பி, “போலி மாத்திர விக்கறான். பாத்து வாங்குங்க” என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

திருமால் அண்ணன்தான் எனக்குப் போன் போட்டார். நான் அப்போது தர்மபுரியில் அறை எடுத்துத் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். அதே மருந்து, அதே அளவு. அம்மாவிடம் பேசினேன்.

“நான் படிச்சுப் பாத்துட்டேம்மா. அதேதான்.”

“அன்னைக்கு உங்கப்பனும் படிச்சுத்தான் பாத்தாரு பாப்பா.”

தர்மபுரியிலேயே மாத்திரை வாங்கி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அங்கேயும் ஊதா அட்டைதான் கிடைத்தது. “வெச்சுட்டுப் போ, போட்டுக்கறேன்” என்றாள். முகம் தெளிவாக இருந்ததால் நம்பினேன்.

மாசியில் ஒரு காலை, தக்காளிக் கூடையைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே சாய்ந்தாள். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையில் மாத்திரை எங்கே என்று கேட்டார்கள். அப்பா வீட்டுக்கு ஓடி எடுத்துவந்த அட்டைகளில் ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. மறுநாள் சாயங்காலம் அம்மா போய்விட்டாள்.

கல்லூரியில் வணிகவியல் வகுப்பில் இதை ஒரு பாடமாகவே படித்தேன். வாங்குகிறவர் அனுபவத்திலிருந்து எப்படிக் கற்கிறார், பட்ட நஷ்டம் நினைவில் எவ்வளவு ஆழமாக நிற்கிறது என்றெல்லாம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அட்டையின் நிறத்தை மாற்றினால் பழைய வாடிக்கையாளர் குழம்பக்கூடும் என்று ஒரு வரி எழுதிய நினைவு இருக்கிறது. அம்மா குழம்பவே இல்லை. கற்றதை ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். அவளிடம் தவறு எங்கே என்று தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. வேறு எப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள் என்பதும் தெரியவில்லை.

காரியம் முடிந்து திருமால் அண்ணனைப் பார்க்கப் போனேன். கடையில் ஆள் இல்லை. “உங்க தெருவுல இருந்து இப்ப யாரும் வர்றதில்லம்மா” என்றார். “அக்கா மேல எனக்கு வருத்தமில்ல. நான்தான் இன்னுங்கொஞ்சம் பொறுமையாச் சொல்லியிருக்கணும்.” எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

அன்று மாலை தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் அத்தையிடம் சொன்னேன்.

“திருமால் அண்ணன் கடை மாத்திர நல்ல மாத்திரதான் அத்தை. அம்மா தப்பா நெனச்சுட்டாங்க.”

அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டார். “அழுவாத கண்ணு. உங்கம்மா கண்ணு என்னைக்காச்சும் தப்பிருக்குதா? அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

கண் தப்பாதவள் என்ற அந்தப் பேரையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவா என்று என் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். திருமால் அண்ணனுக்கு, அதே கடை வாசலில், அத்தனை பேர் காதுபட அம்மா ‘போலி இல்ல’ என்று திருத்திச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை இன்னும் பாக்கி நிற்கிறது.