டீஜே மேடைக்கு முன்னால் தூற்றிய மண்

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. அன்றிரவு என் வாயில் வந்ததில் பாதியை எழுத மாட்டேன் என்கிறாள். மீதியைத்தான் நீங்கள் வாசிக்கிறீர்கள்.

உப்புவெளியில் எங்கள் வளவுக்குப் பின்னால் கடலுக்குப் போகிற ஒழுங்கை ஒன்று இருந்தது. கரைவலை இழுக்கிற நாளில் அதால் இறங்கி, மீன் வாங்கி, உலை கொதிக்க முன் திரும்பிவிடுவேன். அந்தக் கரையில் ஹோட்டல் கட்டியவன் இரண்டு வருடத்துக்கு முன் தகரம் வைத்து அதை அடைத்துவிட்டான். ஏன் என்று கேட்கப் போனேன்.

"மாமி, வெள்ளைக்காரர் வந்து தங்குற இடம். மீன் நாத்தம் சரிவராது" என்றான்.

அவனுடைய தாயும் நானும் ஒரே பாயில் கருவாடு காயப்போட்டவர்கள். சோற்றுக்கு நெத்தலி இல்லையென்று என் குசினி வாசலில் நின்று அழுத பிள்ளை அவன். அந்தச் செல்லப்பிள்ளை தாயிடம் கேட்காது, என்னிடம்தான் வரும். அவனுக்கு இப்போது நாற்றமாம்! அன்று முதல் பெரிய ரோட்டால் சுற்றித்தான் கரைக்குப் போனேன். முழங்கால் நொந்த ஒவ்வொரு அடிக்கும் அவனை நினைத்தேன். கோபம் ஆறிவிடக்கூடாது என்றே நினைத்தேன்.

மண் அள்ளித் தூற்றுவது என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன். வயிறெரிந்த பொம்பிளை கடைசியாகச் செய்வது அது. ஒரு பிடி மண்ணை அள்ளி, ஆளின் முகத்தைப் பார்த்து, நாசமாய்ப் போ என்று ஊர் பார்க்கத் தூற்ற வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் தூற்றினால் அது வெறும் மண்தான். ஆனால் அவன் கண்ணில் பட்டால்தானே? எப்போது போனாலும் கேற்றடியில் நிற்கிறவர், "முதலாளி கொழும்புக்குப் போயிட்டார்" என்பார்.

பேத்திக்கு ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் வேலை. ஒருநாள் பின்னேரம் வந்து, "அம்மம்மா, சனிக்கிழமை அந்த ஹோட்டல் கடற்கரையில டீஜே வருகினம். நான் போகப்போறன்" என்றாள்.

"முதலாளி நிப்பானோ?"

"அவர்தானே நடத்துறார். நிக்காம?"

"அப்ப நானும் வாறன்."

"ஐயோ, உங்களுக்குக் காது அடைச்சுப் போகும்."

"அடைக்கட்டும். வாறன்."

கலியாண வீடுகளுக்கு மட்டும் உடுக்கிற ஊதாச் சேலையை உடுத்தேன். அதே கேற்றடி ஆள் என் கையில் ஒரு கடதாசிக் காப்பைக் கட்டி, "உள்ளுக்குப் போங்கோ ஆச்சி" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

முதலில் மட்டக்களப்புப் பக்கத்துப் பெடியன்கள் இருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடை முழுக்க நடந்து நடந்து பேசினார்கள். அது பாட்டாம். மூச்சு விடாமல், தாளம் தப்பாமல், கையை நீட்டி நீட்டி ஏச்சு. எனக்கு அப்படியே பிடித்துவிட்டது. பைப்படியில் தண்ணிக்கு நின்ற காலத்தில் நாங்கள் செய்தது இதுதான், தாளம் மட்டும் குடம் தட்டி.

"உவங்கள் ஆரைப் பேசுறாங்கள்?" என்று பேத்தியின் காதுக்குள் கேட்டேன்.

"ஒருத்தரையும் இல்ல அம்மம்மா. பொதுவாத்தான்."

"பொதுவாப் பேசி என்ன பிரயோசனம்? பேரைச் சொல்லிப் பேச வேணும்."

அவர்கள் இறங்க, கொழும்பிலிருந்து வந்த ஒரு பெட்டை ஏறினாள். ஒரு காதில் மட்டும் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு பெட்டியின் தட்டுகளைத் திருகினாள். தோசை சுடுகிறவள்போல அவ்வளவு கவனம். நெஞ்சுக்குள் உரல் இடிக்கிற மாதிரி அடி எழும்பியது. சனம் துள்ளியது. அப்போதுதான் கண்டேன், மேடைக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்கிறான் முதலாளி.

பேத்தியின் கையை விட்டுவிட்டு முன்னுக்குப் போனேன். கச்சான் காற்று பலமாக வீசியது. அதற்கு முதுகைக் கொடுத்து நின்று, குனிந்து இரண்டு கையாலும் அள்ளினேன். "மாமி!" என்று அவன் வாய் அசைந்தது. தூற்றினேன். அவன் செய்ததையெல்லாம் சொல்லிச் சொல்லி, மூன்று தரம் தூற்றினேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மேடையில் நின்ற பெட்டைக்கு எங்கள் பழக்கம் எங்கே தெரியும்? கிழவி ஆடுகிறாள் என்று நினைத்துவிட்டாள். கையால் அள்ளி எறிகிற மாதிரிக் காட்டி, எல்லோரையும் செய்யச் சொன்னாள். வெள்ளைக்காரர், கொழும்புப் பெடியள், அரைக் காற்சட்டைப் பெட்டைகள், அத்தனை பேரும் குனிந்து மண்ணை அள்ளினார்கள். அடி விழ விழ அள்ளித் தூற்றினார்கள், அவனுடைய ஹோட்டலில், அவனுக்கு முன்னால்! ஊரைக் கூட்டித் தூற்ற வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். உலகமே கூடித் தூற்றியது.

அந்தக் கூட்டத்தில் அது என்னவென்று தெரிந்தவர்கள் நானும் அவனும் மட்டும்தான். பேத்திக்கும் தெரியும், ஆனால் அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் இரண்டு கையையும் ஆட்டி, "வேண்டாம், எறியாதேங்கோ!" என்று கத்துவது வாயசைவில் தெரிந்தது. அவனும் ஆடுகிறான் என்று நினைத்து இன்னும் கூட எறிந்தார்கள். பெட்டிக்குள் மண் போயிருக்க வேண்டும். கர்ர் என்று இழுத்துவிட்டுப் பாட்டு நின்றது. அந்த அமைதியில் என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"நாசமாப் போ!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். கலியாணப் பொம்பிளைக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்திராது.

விடிய அவன் எங்கள் வாசலில் நின்றான். தலைமயிரில் இன்னும் மண். நித்திரை கொள்ளாத கண்.

"மாமி, அம்மா அறிஞ்சா உயிரை விட்டிடுவா. தூத்தினதைத் திருப்பி எடுங்கோ."

"தகரத்தைக் கழட்டு. பிறகு கதைப்பம்."

மத்தியானத்துக்கு முன்னமே கழற்றிவிட்டான். ஆணி பிடுங்கிய சத்தத்தை முற்றத்தில் கதிரை போட்டு இருந்து கேட்டேன். டீஜேயின் பாட்டை விட நல்ல பாட்டு. பின்னேரம் திரும்ப வந்தான்.

"இப்ப எடுங்கோ மாமி."

"பாப்பம்" என்றேன்.

ஒவ்வொரு கிழமையும் வந்து கேட்கிறான். நானும் பாப்பம் என்கிறேன். தூற்றின மண்ணை எப்படித் திருப்பி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. அதை அவனுக்குச் சொல்லவும் மாட்டேன்.