தார்வாட் அம்மா ஃப்ரேமுக்கு அடியில் குனிந்த நாள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது நான்கு பிள்ளைகள். மூன்று நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப் போனது. நான்கையும் படிக்க வைத்தது ஆரி ஊசி. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்பது என் கணக்கு. எங்கள் கடையில் கேட்டால் வேறு கணக்கு சொல்வார்கள்.

கடை திருச்சி பெரிய கடை வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது. முதலாளி ஜமால் பாய். அவருடைய வாப்பா காலத்தில் சேர்ந்தவள் நான். கல்யாணப் பிளவுஸ்களுக்கு ஆரி ஒர்க் போடுவதுதான் எங்கள் தொழில். துணியை மர ஃப்ரேமில் மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டுவோம். ஊசியின் நுனியில் கொக்கி இருக்கும். வலது கை மேலே இருந்து ஊசியைக் குத்தும். இடது கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்திருக்கும். கொக்கி நூலை மேலே இழுத்துவர, சங்கிலி மாதிரி தையல் ஓடும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து இன்றைக்கும் இதைத்தான் செய்கிறேன். "ரெஸ்ட் எடுங்கக்கா" என்று பாய் சொல்வார். நான் ரெஸ்ட் எடுத்தால் இந்தக் கடை என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை நான் காய்ச்சலில் படுத்தபோது கடை நன்றாகவே ஓடியது. அதை யாரிடமும் சொல்வதில்லை.

எல்லா ஊருக்கும் ஒரே ஊசி

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். முன்பெல்லாம் மயில், மாங்காய், யானை என்று கேட்பார்கள். இப்போது வருகிற பெண்கள் ஃபோனைத் திறந்து ஊர் ஊராகக் காட்டுகிறார்கள். கட்ச் கண்ணாடி வேலை, லக்னோ சிக்கன் தையல், பஞ்சாப் புல்காரி, வங்காளத்துக் காந்தா. எதைக் காட்டினாலும் நான் ஒரே பதில்தான் சொல்வேன். "போட்டுடலாம்மா."

போட்டும் விடுவேன். லக்னோவில் துணியின் பின்பக்கம் தைத்து, முன்பக்கம் நிழலாகத் தெரியும்படி செய்வார்களாம். புல்காரியையும் பின்பக்கத்திலிருந்துதான் இழை எண்ணிப் போடுவார்களாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரியாது, தெரியவில்லையே என்ற கவலையும் இல்லை. படத்தில் தெரிவதை ட்ரேஸ் ஷீட்டில் வரைந்து, கோட்டின் மேல் ஓட்டை குத்தி, வெள்ளைப் பவுடரைத் தேய்த்துத் துணியில் இறக்குவேன். அப்புறம் கொக்கி ஓடும். பின்பக்கம் எப்படி இருந்தால் என்ன, லைனிங் மூடிவிடும். ஃபோனில் வருகிற படத்துக்கும் பின்பக்கம் கிடையாது. ஆகவே இந்தியா முழுவதும் எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் முக்கொம்பைத் தாண்டியதே முசிறியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான்.

கோபுரமா, எனக்கா

வேதா என்ற பெண் ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து வந்தாள். பெங்களூரில் வேலை. கூட வேலை பார்க்கிற, கர்நாடகத்துத் தார்வாட் பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு கறுப்புப் பட்டுப்புடவையையும் அதே நெசவில் ஒரு பிளவுஸ் துண்டையும் எங்கள் முன்னால் வைத்தாள். புடவை முழுக்கச் சின்னச் சின்னத் தேர், கோபுரம், துளசி மாடம்.

"இது என் மாமியார் கையாலயே போட்டது. கசூதின்னு அவா ஊர் வேலை. ரிசப்ஷன்ல அவா மனுஷாள்லாம் பாக்க இதைத்தான் நான் கட்டிக்கணும். பிளவுஸ்லயும் அதே கோபுரத்தைப் போட்டுண்டு போய் அவாளை அசத்தணும்னு ஆசை. உங்களுக்குக் கசூதி வருமா சரோஜாம்மா?"

கசூதி என்ற சொல்லையே அன்றுதான் கேட்கிறேன். "போடாததா" என்றேன்.

ஜமால் பாய் என்னைப் பார்த்தார். "அக்கா, துணி ஒண்ணுதான் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

"பாய், நான் தினம் ராஜகோபுரத்துக்குக் கீழ நடந்து வர்றவ. கோபுரம் போட எனக்கு ஒருத்தர் சொல்லித் தரணுமா?"

"இந்தத் துண்டு போச்சுன்னா வேற கெடைக்காது" என்றாள் வேதா. "தறிக்காரர்ட்ட சொல்லி நெய்யவெச்சு வாங்கினது. அவாளுக்கு இன்னும் என்னைச் சரியாத் தெரியாது. அவா வீட்டுக்குன்னு நான் மொதமொதல்ல செய்யறது இது."

"பயப்படாத கண்ணு. நீ நிம்மதியாப் போயிட்டு வா."

புடவையில் இருந்த கோபுரம் நேர்க்கோடும் சாய்கோடுமாக, படிப்படியாக ஏறியது. பாவம், அந்த ஊரில் வளைவு போட வராது போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டேன். நான் நல்ல வளைவு வளைவாக, நிலை நிலையாக, கலசத்தோடு வரைந்து கொக்கியை ஓட்டினேன்.

அடியில்

பிளவுஸின் ஒரு கைக்கு வேலை முடியப்போகிற சமயம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. வேதா படியேறி வந்தாள், முகம் வெளுத்திருந்தது. பின்னாலேயே ஓர் அம்மாள். கை நிறையப் பச்சை வளையல், பெரிய குங்குமப் பொட்டு, என்னைவிடச் சில வயது இளையவர். பெருமாளைச் சேவிப்பதற்காக முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்ட மாமியார். பிளவுஸ் எங்கே கொடுத்திருக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு, வேதாவையும் அழைத்துக்கொண்டு வந்தேவிட்டார்.

நான் எழுந்து ஃப்ரேமைக் காட்டினேன். வருகிறவர்கள் மேலே பார்த்துவிட்டுப் பிரமாதம் என்பார்கள், நான் அதெல்லாம் ஒன்றுமில்லை என்பேன். அதுதான் வழக்கம். சொல்லத் தயாராக வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அந்த அம்மாள் மேலே ஒரு பார்வை பார்த்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். தரையில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி, ஃப்ரேமுக்கு அடியில் தலையை நுழைத்தார்.

எனக்கு உடம்பு கூசியது. விருந்தாளி ஒருவர் கூடத்தில் உட்காராமல் நேராக என் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவாத தொட்டியைப் பார்த்த மாதிரி இருந்தது. அடியில் நூல் இங்கிருந்து அங்கே தாவியிருக்கும், ஆரம்பித்த இடத்தில் முடிச்சு இருக்கும், வால் தொங்கும். அதுவரை கஸ்டமர் யாரும் அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை.

உள்ளே இருந்தபடியே கன்னடத்தில் நீளமாகப் பேசினார்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று வேதாவைக் கேட்டேன்.

"ரொம்ப சிரமப்பட்டிருக்கேள்னு சொல்றா."

"இவ்வளவு நேரம் பேசினது இது ஒண்ணுக்கா?"

வேதா தயங்கினாள். "கசூதில ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கணுமாம். முடிச்சே கூடாதாம். வரைஞ்சுக்கவும் கூடாதாம், துணியோட இழையை எண்ணித்தான் போடணுமாம். அவா மனுஷாள் எல்லாரும் மொதல்ல திருப்பித்தான் பாப்பாளாம்."

"அப்புறம்?"

"விடுங்கோ சரோஜாம்மா."

"பரவால்ல, சொல்லு."

"கோபுரம், பானை மேல பானை அடுக்கின மாதிரி இருக்காம்."

ஜமால் பாய் இருமினார். அவருக்கு அன்று இருமல் இல்லை.

இதற்குள் அந்த அம்மாள் அடியில் தொங்கிய நூலைப் பிடித்து இழுத்துவிட்டார். சங்கிலித் தையலுக்கு ஒரு குணம் உண்டு. கடைசிக் கண்ணியைக் கட்டாமல் விட்டிருந்தால், நூலை இழுக்க இழுக்க மொத்தமும் உருவிக்கொண்டு வரும். மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கலசம் போயிற்று, நிலைகள் ஒவ்வொன்றாகப் போயின, கடைசியில் வாசலும் போயிற்று. துணியில் ஊசி குத்திய ஓட்டைகள் மட்டும் வரிசையாக நின்றன.

வேதா அழுதுவிட்டாள். "துணி போச்சா?" என்று என்னிடம்தான் கேட்டாள். அந்த அம்மாள் வெளியே வந்து, விரலைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். விலகிய இழைகள் ஒன்று சேர்ந்தன. ஓட்டை மறைந்தது. அப்புறம் என்னைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"ஊசி... சாதா ஊசி... இருக்கா?"

போகிற பஸ், வருகிற பஸ்

ஒரு வாரத்தில் பெரிய வேலை ஆகாது. பிளவுஸ் கையின் ஓரத்தில் ஒரு வரிசை கோபுரம் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. அதைக்கூட ஒரே ஆள் இரண்டு கைக்கும் போட்டு முடிக்க முடியாது.

"வேற யாரையாவது வெச்சுப் போட்டுக்கச் சொல்லுங்க பாய்" என்றேன். முறுக்கிக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

அந்த அம்மாள் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். இந்த முறை வேதா ஒளிக்கவில்லை. "இவா கை பழகின கைதான், புத்திதான் பழகணும்னு சொல்றா."

தினமும் காலையில் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். வலது கை அவருக்கு, இடது கை எனக்கு. கசூதியில் நூல் ஒரு சுற்றுப் போகும்போது ஒன்று விட்டு ஒன்று தையல் விழும். திரும்பி வரும்போது விட்ட இடமெல்லாம் நிரம்ப வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே நூல் வந்து சேர வேண்டும். என் நூல் வரவே வராது. கோபுரத்தின் உச்சியில் போய் வழி தெரியாமல் நிற்கும். பிரிப்பேன். மறுபடி உச்சியில் நிற்கும். எழுபத்திரண்டு வயதில் முதல் நாள் வேலைக்கு வந்தவள் மாதிரி இழை எண்ணிக்கொண்டிருந்தேன். பாய் வேறு, "நூல் கோத்துத் தரவாக்கா?" என்று பக்கத்தில் வந்து வந்து கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஒருவர் கண்டக்டரோடு சண்டை போட்டார். போகும்போது அவருடைய ஸ்டாப்பில் பஸ் நிற்கவில்லையாம். "இப்ப திரும்பி வர்றப்ப நிறுத்துறேன்ல, எறங்குங்க" என்றார் கண்டக்டர். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. போகும்போது நிற்காத ஸ்டாப்பில் எல்லாம் வரும்போது நிற்க வேண்டும். டெப்போவை மட்டும் மறக்கக் கூடாது. மறுநாள் என் முதல் கோபுரம் சரியாக வந்தது. அந்த அம்மாள் திருப்பிப் பார்த்தார், நேராகப் பார்த்தார், மறுபடி திருப்பினார். ஒன்றும் சொல்லாமல் தன் வேலையைப் பார்த்தார். எனக்குப் பிரமாதம் என்று கேட்டது.

மண்டபத்தில்

ரிசப்ஷனுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், எல்லாரும் ஸ்ரீரங்கத்து மாமிகள். "இடது கை நான் போட்டது" என்று நால்வருக்கும் சொல்லிவிட்டேன். எதிர் வரிசைக்கும் கேட்டிருக்கும்.

தார்வாட் பெண்கள் வேதாவைச் சூழ்ந்துகொண்டார்கள். காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காயைச் சொத்தை இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார்களே, அப்படி ஒவ்வொருவரும் பிளவுஸ் கையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அவர்களில் மூத்த ஒரு பெரியம்மாவின் விரல் இடது கையில் ஓரிடத்தில் நின்றது.

எந்த இடம் என்று எனக்குத் தெரியும். கடைசிக் கோபுரத்தை முடிக்கிற இடத்தில், யாரும் பார்க்காதபோது, கடுகளவு ஒரு முடிச்சுப் போட்டுவிட்டேன். முடிச்சு இல்லாத நூலை நம்பிக் கல்யாணப் பெண்ணை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

பெரியம்மா ஏதோ கேட்டார். வேதாவின் முகம் மாறியது. மாமியார் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். நிமிர்ந்து சுருக்கமாக ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான், எல்லாரும் சிரித்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவரும் சிரித்தார், காதுவரை சிவந்துபோய்.

பிறகு வேதா என் இலைக்கு அருகே வந்து குனிந்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"'இந்தக் கை நான் போட்டது, கண்ணு சரியாத் தெரியலை'ன்னா. ஊருக்கெல்லாம் கசூதி சொல்லித் தரவளுக்கே முடிச்சா விழறதுன்னு அவாளைக் கேலி பண்றா."

பக்கத்து இலை மாமிக்கு இது காதில் விழவில்லை. என் முழங்கையைத் தொட்டு, "உங்க கையைத்தான் எல்லாரும் பாத்துப் பாத்துச் சந்தோஷப்படறா போலிருக்கே" என்றார். பாராட்டுக்கு என்னிடம் எப்போதும் பதில் தயாராக இருக்கும். அன்று பாயசத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்படும்போது அந்த அம்மாள் தாம்பூலம் கொடுத்தார். என் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், உள்ளங்கையிலும் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்க்கிற வழக்கம் அவருக்கு எதிலும் போகாது போலிருக்கிறது. பாஷை தெரியாததால் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பாஷை தெரிந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இப்போது யாராவது ஃபோனைத் திறந்து ஓர் ஊரைக் காட்டினால், "இதோட பின்பக்கத்தை யாராவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்கிறேன். "இப்படிக் கேட்டா கஸ்டமர் ஓடிருவாங்கக்கா" என்று பாய் தலையில் அடித்துக்கொள்கிறார். கேட்கத்தான் செய்வேன். ஓர் ஊரின் வேலை என்பது அவர்கள் போடுகிற பூவில் இல்லை, அதை எப்படிப் போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் முழுசாகப் பழகவில்லை.

ரம்யா, நான் சொல்லச் சொல்ல எழுதினது போதும் கண்ணு. மொதல்லேருந்து ஒரு தடவ படிச்சுக் காட்டு. வேகமாப் படிக்காத. எங்கெங்க என்னை நானே தூக்கி வெச்சுப் பேசியிருக்கேன்னு பாட்டி கேக்கணும்.