எழுபது புளியங்கொட்டை

என் சட்டைக்கு இரண்டு பை உண்டு. தைக்கக் கொடுக்கும்போதே சொல்லி வைத்துக்கொண்டது. ஆட்டத்தன்று இடது பையில் எழுபது புளியங்கொட்டை இருக்கும். எங்கள் பிட்சர் ஒரு பந்து வீசினால் ஒரு கொட்டை வலது பைக்குப் போகும். இடது பை காலியானால் அன்றைக்கு அவன் வீசியது போதும். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பரபரப்பில் என் மனக்கணக்கை நானே நம்பமாட்டேன். விரலை நம்புவேன்.

"சயா சட்டையிலேயே ரசம் வெச்சிரலாம்டா," என்பான் எங்கள் கேட்சர்.

சயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர். யாங்கோனில் ஒரு கல்லூரியின் பேஸ்பால் பிள்ளைகள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கல்லூரிப் பதிவேட்டில் நான் மைதானப் பணியாளன். அதில் எனக்கு வருத்தமில்லை, நிம்மதிதான். பயிற்சியாளர் என்று எழுதியிருந்தால் என்றைக்காவது சான்றிதழ் கேட்பார்களே என்று பயந்துகொண்டிருப்பேன்.

கிரிக்கெட்டில் ஆறு பந்து முடிந்தால் அடுத்தவன் கைக்குப் பந்து போய்விடும். பேஸ்பாலில் அப்படியில்லை. பிட்சர் ஒருவனே வீசிக்கொண்டிருப்பான். நிறுத்த வேண்டியது வெளியே நிற்கிற நான். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று என் தோளுக்குத் தெரியும். இளவயதில் யாங்கோனின் லத்தா பகுதியில் ஒரு மொத்தக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டே ஒரு சின்ன கிளப்புக்கு வீசினேன். பெரிய அணியிலிருந்து ஆள் வரும் என்று காத்திருந்தேன். "இன்னும் முடியுமா?" என்று எங்கள் சயா ஒவ்வொரு ஆட்டத்திலும் கேட்டார். "முடியும்" என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் சொன்னேன். மூன்றாம் வருடம் தோள் போயிற்று. கேட்டவர்களிடம் மூட்டை தூக்கியதால் என்று சொல்லிவிட்டேன்.

அதனால்தான் கொட்டைகள். ஆனாலும் எங்கள் சயா செய்ததையே நானும் செய்தேன்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஓர் இறுதி ஆட்டம். எங்கள் பிட்சர் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தாகேதாக்காரன். தாய் தமிழ், தகப்பன் பர்மியர். தமிழில் தொடங்குவான், பாதியில் பர்மியத்துக்குப் போய்விடுவான். ஒரே ஒரு ஓட்டத்தில் நாங்கள் முன்னால் நின்றபோது என் இடது பை காலியாகிவிட்டது. இன்னொரு பிட்சர் இருந்தான், அவன்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. அவன் நின்று வீசும் மேட்டுக்கு நடந்து போனேன்.

"கை எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு சயா."

"இன்னும் முடியுமா?"

"முடியும் சயா."

சொல்லும்போது வலது கையைக் கையுறைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். விரல்கள் நடுங்கியதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இங்கே எழுத முடியாது. திரும்பி வந்து நின்றேன். அவன் வீச வீச என் விரல்கள் வலது பையிலிருந்து இடது பைக்குக் கொட்டைகளைத் திருப்பிப் போட ஆரம்பித்தன. இருபத்தாறு கொட்டைகள். ஜெயித்தோம். பிள்ளைகள் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். பைகளிலிருந்து கொட்டைகள் சிதறிக் கீழே விழுந்தன. நல்லதாயிற்று, இனி யாரும் எண்ண முடியாது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

நான்காம் நாள் அவனால் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியவில்லை. முழங்கையின் உள்பக்கம் தசைநார் கிழிந்திருக்கிறது, ஆறு மாதம் பந்தைத் தொடக்கூடாது, அப்புறமும் பழையபடி வருமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். உடற்கல்வித் தலைவர் என்னைக் கூப்பிட்டு எத்தனை பந்து என்று கேட்டார். எழுபதில் நிறுத்திவிட்டேன் என்றேன். வேலை போய்விடும், அணியைக் கலைத்துவிடுவார்கள், அவனுடைய அம்மா கல்லூரி வாசலில் வந்து நிற்பார் என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்திலேயே அம்மாவுக்குத் தொலைபேசி செய்து இன்னொன்றும் சொன்னேன்: "வீட்டுச் சுவத்துல பந்தை வீசிப் பழகியிருப்பான் அக்கா. நான் அளவாத்தான் வீச வெச்சேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது. "சரி சயா, நான் கண்டிக்கிறேன்," என்றார்.

அவன் தினமும் மைதானத்துக்கு வந்தான். இடது கையால் சுண்ணாம்புக் கோடு போட்டான். எனக்குத் தேநீர் வாங்கி வந்தான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒருநாள் அவன் அம்மாவைப் பார்க்கத் தாகேதா பஸ் ஏறினேன். பாலம் வந்ததும் இறங்கித் திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி ஏறி, இறங்காமல் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

மின்சாரம் இல்லாததால் அவனுடைய அம்மா காலால் மிதிக்கும் இயந்திரத்தில் தைத்துக்கொண்டிருந்தார். அவன் இல்லை. எழுந்து பாய் விரித்து, தேநீர் ஊற்றினார். உட்கார்ந்த பிறகுதான் வீட்டைப் பார்த்தேன். சுவரே இல்லை, நாலு பக்கமும் மூங்கில் தட்டி. பந்து பட்டால் அடுத்த வீட்டில் போய் விழும். தெரு முழுக்க அப்படித்தான்.

"அக்கா, நான் போன்ல சொன்னது..."

"அப்பவே தெரியும் சயா."

"அப்ப ஏன் கேக்கல?"

"உங்க மொகத்துக்கு நேரா எப்படிக் கேக்குறது? ஆநாடே இல்லியா."

எதிராளி மனம் சுருங்கக்கூடாதென்று தன் வலியை விழுங்கிக்கொள்வதற்குப் பர்மாவில் அந்தச் சொல். நானும் அதிலே வளர்ந்தவன்தான். எழுபது, இருபத்தாறு, நடுங்கிய விரல் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "முடியுமான்னு கேட்டேன் அக்கா, முடியும்னுதான் சொன்னான்," என்றும் ஒன்றைச் சேர்த்தேன். அந்த இடத்திலும் ஒரு ஓட்டை தேடினேன் போலிருக்கிறது.

இயந்திரத்தின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டே அவர் சொன்னார். "நீங்க கேட்டிருக்கவே கூடாது சயா. சயா கேட்டா அவன் வேற என்ன சொல்லுவான்? போய்ப் பந்தை வாங்கியிருக்கணும்."

தேநீரைக் குடித்து முடிக்காமல் எழுவதற்கும் எனக்கு ஆநாடே. முழுவதும் குடித்தேன்.

மறுநாள் உடற்கல்வித் தலைவரிடமும் சொன்னேன். அவர் வெகுநேரம் பதிவேட்டையே பார்த்தார். மைதானப் பணியாளன் எத்தனை பந்து வீச வைத்தான் என்று எழுத அதில் இடமில்லை. "இனிமே ஜாக்கிரதை," என்றார். அவ்வளவுதான். எனக்குத் தண்டனை ஏதாவது கொடுத்திருக்கலாம்.

மழை முடிந்தபின் மருத்துவர் மெதுவாக வீசிப் பார்க்கச் சொன்னார். பதினைந்து கொட்டைகள் மட்டும் எடுத்துப்போனேன். கடைசிக் கொட்டை மாறியதும் போய்க் கையை நீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. பந்தைக் கொடுத்தான்.

"ரசத்துக்குப் பத்தாது சயா," என்று கேட்சர் கத்தினான். பழக்கதோஷத்தில் நான்தான் பிட்சரிடம் மறுபடி கேட்டுவிட்டேன்.

"வியாழக்கெழம வீசுறியா?"

அவன் தரையைப் பார்த்தான். செருப்பால் சுண்ணாம்புக் கோட்டைக் கொஞ்சம் அழித்தான்.

"இல்ல சயா. வலிக்குது."

கேட்சர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "சரி," என்றேன். எங்கே வலிக்கிறது, எவ்வளவு, எந்த நாளிலிருந்து என்று தொண்டை வரை வந்தது. கேட்கவில்லை. அவன் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். இனி அவன் வீசுவானா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவன் சொன்னது பொய்யில்லை.