டொக்டரம்மா இரண்டு தடவை கேட்டார்

ஆய்வுகூடத்தில் என் மேசைக்கு வரும் ஒவ்வொரு ரத்தக் குழாயோடும் ஒரு படிவம் வரும். பெயர், வயது, கர்ப்பம் எத்தனை வாரம், காய்ச்சல் தொடங்கிய நாள். அதற்குக் கீழே, வீட்டிலோ அயலிலோ யாருக்காவது தடிப்போடு காய்ச்சல் வந்ததா என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத்தான் அதிகம் பேர் வெறுமையாக விட்டு அனுப்புவார்கள். நான் விடுவதில்லை. வார்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பேன். “ரத்தம் பாக்கச் சொன்னா ஊர்க்கதை கேக்குறா” என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். ஒரு காலத்தில் அதே கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அப்போது எனக்குப் பத்து வயது. நமுனுகுல மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனிலிருந்து ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இருந்த ஒரே பெண் பிள்ளை நான். அதனால் அந்த ஆகஸ்டில் எனக்கு ராஜ மரியாதை. தண்ணீர் தூக்க வேண்டாம், விறகு பொறுக்க வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம். எங்கள் வீட்டில் அப்பாவின் வானொலியும் அக்கம்பக்கத்து வாய்ச்சண்டையும் ஓயாது என்று, எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் கோடி வீட்டில் இருந்த சித்தியிடம் என்னை விட்டார்கள். சித்தி, அப்பாவின் தம்பி மனைவி. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். இரண்டு மாதம். அந்தச் செய்தி தெரிந்த நாளிலிருந்து சித்தி நடப்பதே மாறியிருந்தது, நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்தவள் மாதிரி.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது எனக்கு லேசாக உடம்பு சுட்டது.

“படிச்சுப் படிச்சு மண்டையில சூடு ஏறிப்போச்சு புள்ளைக்கு. மூடி வையி புஸ்தகத்த” என்று சித்தி என்னைத் தன் கம்பளிக்குள் இழுத்து அணைத்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் அம்மா எனக்குத் தலை பின்னும்போதுதான் கழுத்தில் பார்த்தாள். சிவப்புச் சிவப்பாய்ப் பொடித் தடிப்பு. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். நெஞ்சிலும் இருந்தது. சீப்பு அப்படியே தலையில் நின்றது.

அம்மை வந்த வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் சில ஒழுங்குகள் உண்டு. வாசலில் வேப்பிலை செருக வேண்டும். தாளிக்கக் கூடாது. தலைக்கு மூன்றாம் தண்ணீர், ஐந்தாம் தண்ணீர் ஊற்றும்வரை அந்தப் பிள்ளை வாசல் தாண்டக் கூடாது. எங்கள் குளிருக்கு வேப்பமரம் வராது. கீழே வெப்பமான வெல்லவாயப் பக்கமிருந்து யாராவது பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். ஒரு கொத்து வேப்பிலை பஸ்ஸை விட்டு இறங்கினால், அது வீடு வந்து சேருமுன் எல்லா லயத்துக்கும் செய்தி போய்விடும். அம்மா நாட்களை விரல் விட்டு எண்ணினாள். எப்படி எண்ணினாலும் பரீட்சை ஐந்தாம் தண்ணீருக்கு முன்னால்தான் வந்தது.

“கம்பளிப்பூச்சி ஏறியிருக்கு” என்றாள் கடைசியில். காதோரத்தில் தொடங்கிக் கழுத்து, நெஞ்சு, வயிறு என்று வரிசை தப்பாமல் நடந்து போன கம்பளிப்பூச்சி. பிறகு சுவரில் இருந்த அம்மன் படத்தின் பக்கம் திரும்பி, “தாயே, பரீட்ச முடியட்டும். மாவிளக்குப் போடுறேன்” என்று கும்பிட்டாள். என் தாடையைப் பிடித்து, “சித்திகிட்டகூட மூச்சு விடாத. விட்ட, பரீட்ச போச்சு” என்றாள்.

வேப்பிலை செருகவில்லை. ஆகவே அது அம்மை இல்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டரோடு அன்றும் சித்தி வீட்டுக்குப் போனேன், அவள் கம்பளிக்குள் தூங்கினேன். பரீட்சை நாளில் தடிப்பு மங்கிவிட்டது. நன்றாக எழுதினேன்.

அதற்குப் பிறகு இரண்டரை வாரம் இருக்கும். சித்திக்கு ஒரு நாள் சின்னக் காய்ச்சல். தடிப்பு எதுவும் இல்லை. ஆனால் மறுநாள் மலையில் கொழுந்தைக் கிள்ள விரல் மடங்கவில்லை. கணுக்கணுவாக வலி. கூடை அரைவாசிகூட நிறையவில்லை.

“என்னாத்தா, புள்ளத்தாச்சின்னதும் வெரலுக்கும் லீவு கேக்குதா?” என்றாராம் கங்காணி.

“வெரலுக்கு மட்டும் குடுங்க கங்காணி, மத்ததெல்லாம் வேல செய்யும்” என்று சித்தியும் விடாமல் சொன்னாளாம். ஆனால் வீட்டுக்கு வந்து அழுதாள். நாலு வருஷம் காத்திருந்தவளுக்கு எந்த வலியும் வயிற்றில் போய்த்தான் நின்றது. தோட்டத்து மருத்துவிச்சி, எதற்கும் பதுளை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. படித்த பிள்ளை, வழி கேட்டுக் கூட்டிக்கொண்டு போகும் என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

அந்த டொக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியானவர், அவசரப்படாதவர். சித்தியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் தடவினார்.

“இதில கட்டி மாதிரி இருக்கு. நோகுதோ?”

“லேசா வலிக்குதுங்க.”

“உங்கட பக்கத்துத் தோட்டங்களில பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு ஒரு தடிப்புக் காய்ச்சல் திரியுதாம். உங்கட வீட்டில ஆருக்கும் வந்ததோ?”

“இல்லீங்க டொக்டரம்மா. எங்க வீட்டுல இருக்கிறது இந்தப் புள்ள ஒண்ணுதாங்க. இது நல்லாத்தாங்க இருந்துச்சு. பரீட்ச கூட எழுதிச்சுங்க.” அந்தக் கடைசி வாக்கியத்தைச் சித்தி பெருமையாகச் சொன்னாள்.

டொக்டரம்மா என்னைப் பார்த்தார். “என்ன பிள்ளை, உமக்கு ஒண்டும் வரேல்லையோ?”

பரீட்சை முடிவு இன்னும் வந்திருக்கவில்லை. அம்மையோடு போய் எழுதியவளின் தாளைக் கிழித்துவிடுவார்கள் என்று நான் நம்பினேன். இல்லையென்று தலையாட்டினேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

ரத்தம் எடுத்தார்கள். ஊசி ஏறும்போது சித்தி என் கையை நசுக்கிவிட்டாள். குழாய் கொழும்புக்குப் போகும், மூன்று வாரம் கழித்து வா என்றார்கள்.

மூன்று வாரம் கழித்து நாங்கள் இரண்டு பேருமே போனோம். டொக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு நல்ல முகத்தோடுதான் பேசினார். ஜேர்மன் சின்னமுத்து என்று ஒரு காய்ச்சல் இருக்கிறது, அது ஒரு தடவை வந்தவர்களின் ரத்தத்தில் அதை எதிர்க்கிற சத்து ஒன்று தங்கிவிடும், அது சித்தியிடம் இருக்கிறது என்றார்.

“சின்ன வயசில வந்து போயிருக்கும். அப்பிடியெண்டா வயித்துப் பிள்ளைக்குப் பயமில்லை.” பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார். “ஆனா இப்ப கிட்டடியில வந்திருந்தாலும் ரத்தம் இப்பிடித்தான் காட்டும். அதுதான் திருப்பிக் கேக்கிறன். வீட்டில ஒருத்தருக்கும் வரேல்லைத்தானே? வந்திருந்தா இன்னொருக்கா ரத்தம் எடுத்து, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கோணும்.”

இந்த முறை சித்தியும் என்னைத்தான் பார்த்தாள். என்னிடம் உண்மை இருக்கிறது என்று சந்தேகப்பட்டு அல்ல. படித்த பிள்ளை பதில் சொல்லட்டும் என்று.

இன்னொரு தடவை ஊசி என்பது மட்டுந்தான் என் காதில் விழுந்தது. சித்தி வலியில் கண்ணை மூடிக்கொண்டது ஞாபகம் வந்தது. நான் அவளைக் காப்பாற்றினேன்.

“ஒருத்தருக்கும் வரலீங்க” என்றேன், சத்தமாக.

வெளியே வந்ததும் சித்தி என் நெற்றியை வழித்துத் திருஷ்டி முறித்தாள். பஸ் நிலையத்துக் கடையில் எனக்கு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் பரீட்சை முடிவும் வந்தது. நான் சித்தியடைந்திருந்தேன். பதுளையில் பெரிய பள்ளிக்கூடம், பிறகு விஞ்ஞானம், பிறகு ஆய்வுகூடப் பயிற்சி என்று என் வாழ்க்கை ஒழுங்காக நகர்ந்தது.

டொக்டரம்மா எளிமையாகச் சத்து என்று சொன்னதை நாங்கள் பாடப்புத்தகத்தில் பிறபொருளெதிரி என்று படித்தோம். அதில் இரண்டு வகையை இன்று நான் தனித்தனியே பார்க்கிறேன். ஒன்று நோய் வந்தவுடன் தோன்றிச் சில வாரங்களில் மறைவது. மற்றது பின்னால் வந்து காலம் முழுக்கத் தங்குவது. அன்று சித்திக்குச் செய்த பரிசோதனை தங்குவதை மட்டும் காட்டியது. அது எப்போது வந்தது என்று அந்த ரத்தத்துக்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்ல முடிந்தவள் பக்கத்தில் பாவாடை சட்டையோடு நின்றுகொண்டிருந்தாள்.

என்னிடமிருந்துதான் சித்திக்குத் தொற்றியது என்று இன்று என்னால் நிரூபிக்க முடியாது. தொற்று பத்து வயதுப் பிள்ளையின் குற்றமும் அல்ல. ஆனால் பதில் என்னுடையது. ஆமென்றிருந்தால் இரண்டாவது ரத்தம் எடுத்திருப்பார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்தால் இந்தக் காய்ச்சல் கெடுக்கக்கூடிய கண்ணை, இதயத்தை, காதை, பிள்ளை பிறந்தவுடனேயே பார்த்திருப்பார்கள். சித்தியின் மகளுக்கு, என் தங்கைக்கு, காது கேட்காது என்பது அவளுடைய மூன்றாவது வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பேச்சுக்குரிய மிக நல்ல வருஷங்கள் அதற்குள் போய்விட்டன. பயிற்சிக் காலத்தில் ஒரு விடுமுறையில் இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தாமல், “அது கம்பளிப்பூச்சி” என்றாள். சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை.

தங்கை பிறந்து ஐந்து மாதம் இருக்கும்போது விடுதியிலிருந்து நான் லீவில் வந்திருந்தேன். அவளைப் போல நல்ல பிள்ளை எந்த லயத்திலும் இல்லை என்பது எல்லோருடைய தீர்ப்பு. பக்கத்து வீட்டில் சண்டை நடந்தாலும் தூங்குவாள். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் சங்கு ஊதினாலும் தூங்குவாள். “தெய்வம் எனக்குன்னு பாத்துக் குடுத்த புள்ள” என்று சித்தி சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். அதை மற்றப் பிள்ளைகளுக்கு நான்தான் வித்தையாகக் காட்டினேன். அவர்களை ஏணைத் தொட்டிலைச் சுற்றி வரிசையாக நிறுத்தி, அலுமினியத் தட்டைத் தங்கையின் தலைமாட்டில் பிடித்து, கரண்டியால் ஓங்கி அடித்தேன். அவள் இமைகூட அசையவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். “இன்னொருக்கா, இன்னொருக்கா” என்று கேட்டார்கள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சித்தியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் இன்னும் கிட்டப் போய், இன்னும் ஓங்கி அடித்தேன்.